டிரைவர் மேல் விழுந்த பழி: காரைக்குடி எடிட்டிங் அறை ஒன்றின் டிஸ்ப்ளே கோளாறு

கம்ப்யூட்டர் இருந்த அறையிலிருந்தே தொடங்க வேண்டும். காரைக்குடியில் ஒரு பழைய நகரத்தார் வீடு. முகப்பை ஒட்டிய அறையைக் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல். சிபியு பெட்டி தேக்குக் கதவு போட்ட சுவர் அலமாரிக்குள் இருந்தது. கரண்ட், பழைய மரப்பட்டை வயரிங்கிலிருந்து பிரித்து இழுத்த இரண்டு வயரில் வருகிறது. எர்த் வயர் அந்த அறைக்கு வரவே இல்லை. ஸ்பைக் பஸ்டர் இரண்டு பின் பிளக்கில் செருகியிருந்தது. அலமாரி, வயரிங், பிளக் மூன்றுக்கும் இந்தக் கோளாறில் பங்கு உண்டு.

இயந்திரம்: ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. கிராஃபிக்ஸ் கார்டு, பழையதாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி. இந்தக் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்தான் தலைப்பில் உள்ள டிரைவர். எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். கார்டுக்கு வேண்டிய 8 பின் பிளக் அதில் கிடையாது. அதனால் இரண்டு மோலெக்ஸ் பிளக்கை (பழைய வகை 4 பின் பிளக்) ஒரு 8 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்றைப் போட்டிருந்தார்கள். இரண்டு மானிட்டர்: ஒன்று ஹெச்டிஎம்ஐ, மற்றது டிஸ்ப்ளேபோர்ட்.

போனில் வந்த புகார் இப்படி: "அண்ணே, ரெண்டர் போட்டா திரை கருப்பாயி வருது, பிரீமியர் மூடிக்கிது. லாக்ல டிஸ்ப்ளே டிரைவர் நின்னுபோச்சுன்னு இருக்காம். விண்டோஸ் ரெண்டு தடவை மாத்திப் போட்டாச்சு. கார்டே போயிருச்சாண்ணே?"

வைகாசி முகூர்த்தக் காலம். மூன்று கல்யாண வீடியோவும் ஒரு மணிவிழாவும் கையில் நின்றன. இப்படி நெருக்கும்போது ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமலே விட்டுவிடுவது வழக்கம். ஒரு வாரம் கழித்து அதே கோளாறு திரும்பி வரும். இங்கே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வந்தோம்.

கருப்புத் திரை ஒரே வகை அல்ல

"திரை கருப்பாகிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நாலு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று நொடி கருப்பாகி, டெஸ்க்டாப் தானாகத் திரும்பி வந்தால் விண்டோஸ் கார்டை மறுதொடக்கம் செய்திருக்கிறது. கருப்பாகி, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் சத்தம் போட்டு, திரும்பி வரவே இல்லை என்றால் கார்டு போர்டின் பார்வையிலிருந்தே விழுந்துவிட்டது. பெட்டி முழுதும் அணைந்து மறுபடி பூட் ஆனால் மின்சாரப் பக்கம்தான் முதல் சந்தேகம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' காட்டித் திரும்பினால் கேபிள், போர்ட், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் சிதறுவது ஐந்தாவது வகை. அது பெரும்பாலும் கார்டின் மெமரி சிப்பில் போய் முடியும்.

இரண்டு நாள் எழுதிவைக்கச் சொன்னதில், இந்த ஒரே கம்ப்யூட்டரில் முதல் வகை, மூன்றாம் வகை, நாலாம் வகை மூன்றுமே இருப்பது தெரிந்தது. மூன்றையும் ஒரே நோயாக நினைத்ததால்தான் முன்பு பார்த்தவருக்குப் பிடிபடவில்லை. புள்ளி, கட்டம் எதுவும் இல்லை என்பது கார்டு பிழைத்திருக்கிறது என்பதற்கு முதல் நல்ல அறிகுறி.

லாக் சொன்னதும் மறைத்ததும்

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் (டைம்அவுட் டிடெக்ஷன் அண்ட் ரெகவரி) என்ற காவல் ஏற்பாடு விண்டோஸில் இருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியவில்லை, பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை என்றால் விண்டோஸ் கார்டையும் டிரைவரையும் மறுதொடக்கம் செய்யும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் லாக்கில், 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 எண்ணோடு "டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, மீண்டுவிட்டது" என்று பதிவாகும். 60 நொடிக்குள் அளவுக்கு மேல், அதாவது 5 முறைக்கு மேல், இப்படி நடந்தால் மீட்பதை விட்டுவிட்டு நீலத்திரை காட்டும்.

அந்த வாசகத்தில் டிரைவரின் பெயர் இருப்பதால் எல்லோரும் டிரைவரைப் பிடிக்கிறார்கள். கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்பது டிரைவர். கார்டு பசியில் மயங்கினாலும், சூட்டில் தடுமாறினாலும், சிப் பழுதானாலும் விண்டோஸுக்குத் தெரிவதெல்லாம் 'டிரைவரிடம் கேட்டேன், பதில் இல்லை' என்பதுதான். தபால்காரர் வரவில்லை என்றால் அவர் மேல் தப்பு என்று ஆகாது. பாலம் இடிந்திருக்கலாம்.

இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வினோதம் இருந்தது. தினம் நாலைந்து தடவை திரை போகிறது என்கிறார்கள், ஆனால் லாக்கில் 4101 பதிவு ஒரு வாரத்துக்கு இரண்டுதான். திரை போவதற்கு முன் அரை நிமிடத்துக்கு மேல் எல்லாம் உறைந்து நிற்கிறது என்றும் சொன்னார்கள். 2 நொடியில் தலையிட வேண்டிய காவல்காரர் ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தார்? விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், கரண்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் கன்ட்ரோல், அதற்குள் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் என்ற இடத்தில் பார்த்தபோது விடை கிடைத்தது. 'டிடிஆர் டிலே' என்ற மதிப்பை யாரோ உருவாக்கி 60 என்று வைத்திருந்தார்கள்.

இது இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம். ஒரே கணக்கை நீண்ட நேரம் கார்டில் ஓட்டும் 3டி ரெண்டரிங் மென்பொருள்களுக்கு இதை 8 அல்லது 10 என்று கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட்டில் அதற்குத் தேவை இல்லை. 60 என்று வைத்தால் கார்டு செத்து ஒரு நிமிடம் ஆகும்வரை விண்டோஸ் காத்திருக்கும். அதற்குள் பயன்படுத்துகிறவர் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிடுவார், 4101 பதிவாகவே ஆகாது. நோய் அப்படியே இருக்க, நோயின் கணக்கு மட்டும் அழிந்துவிட்டது. அந்த மதிப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும், அன்று மாலைக்குள் 4101 ஏழு தடவை பதிவானது. அதற்குப் பிறகுதான் லாக்கை நம்ப முடிந்தது.

கெர்னல் பவர் 41 என்ற பதிவும் நிறைய இருந்தது. அது "முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி ஓடத் தொடங்கியது" என்று மட்டுமே சொல்லும், காரணம் சொல்லாது. ஆனால் அதன் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'பக் செக் கோட்' என்று ஒரு எண் இருக்கும். அங்கே 278 இருந்தால் டிடிஆர் தோற்று நீலத்திரை வந்திருக்கிறது. 0 இருந்தால் நீலத்திரைக்குக்கூட நேரம் இல்லாமல் கரண்ட் போயிருக்கிறது, அல்லது யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாமே 0. பட்டனை அழுத்திய நேரங்களை நோட்டில் பார்த்துக் கழித்தாலும் நாலு பதிவு மிச்சம் நின்றது. அந்த நாலையும் தனியாக எடுத்துவைத்தோம்.

போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே இணைப்பில் பிசகு இருந்தால் ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் வியா லாகர் என்ற பெயரில் 17 எண் பதிவுகள் குவிந்திருக்கும். ஒன்றுகூட இல்லை.

விண்டோஸை மாற்றிப் போட்டும் டிரைவர் ஏன் குழம்பியே இருந்தது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் பதிப்பு ஒன்றாகவும், கார்டின் சிப்பைச் செய்த என்விடியாவின் கன்ட்ரோல் பேனல் காட்டிய பதிப்பு வேறாகவும் இருந்தன. காலையில் ஆன் செய்யும்போது சில நாள் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், கோட் 43, அதாவது கார்டில் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவைத்த அடையாளம். ரீஸ்டார்ட் செய்தால் முக்கோணம் காணாமல் போகும்.

முன்பு பார்த்தவர் விண்டோஸ் போட்டதும் நெட் கேபிளைச் செருகிவிட்டு, டவுன்லோட் செய்த டிரைவரை ஓடவிட்டிருக்கிறார். நெட் கிடைத்த உடனே விண்டோஸ் அப்டேட் பின்னால் தன் பங்குக்கு ஒரு டிரைவரை இறக்கத் தொடங்கும். அது அதன் வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நிறுவலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கை வைத்தால் பாதி இது, பாதி அது என்று கலந்து நிற்கும். இரண்டு தடவையும் அதே வரிசையில் செய்ததால் இரண்டு தடவையும் அதே கலப்படம்.

காலையில் மட்டும் கோட் 43 வருவதற்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதனால்தான் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், போகல; ரீஸ்டார்ட் போட்டேன், போச்சு" என்று பலர் குழம்புகிறார்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் அதை நிறுத்தினோம்.

டிரைவரைத் துடைத்த வரிசை இது. வரிசை மாறினால் பலன் இல்லை. முதலில், 1660 சூப்பருக்கான ஸ்டுடியோ டிரைவரை முழுதாக இறக்கி டிஸ்கில் வைத்தாயிற்று. எடிட்டிங் வேலைக்கு கேம் ரெடி டிரைவரைவிட இது பொருத்தம். அடுத்து பழைய டிரைவரைத் துடைக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், அதாவது டிடியுவையும் இறக்கிவைத்தோம். பிறகு நெட் கேபிளைக் கழற்றினோம். வைஃபை இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போக வேண்டும். போவதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து ரிகவரி கீயை எடுத்துவைப்பது கட்டாயம். கீ இல்லாமல் வெளியே நிற்க நேர்ந்தால் கஸ்டமரின் கல்யாண ஃபுட்டேஜும் உள்ளேயே நின்றுவிடும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து, வகையில் ஜிபியு, நிறுவனத்தில் என்விடியா. ஆப்ஷன்ஸில், விண்டோஸ் அப்டேட் டிரைவர் இறக்குவதைத் தடுக்கும் பெட்டியை டிக் செய்து, 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்'. திரும்பி வரும்போது திரை குறைந்த ரெசல்யூஷனில் பெரிது பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நெட் இன்னும் கழன்றே இருக்க, இறக்கிவைத்த டிரைவரை கஸ்டம் நிறுவலில், கிளீன் இன்ஸ்டால் டிக் செய்து போட்டு, ஒரு ரீஸ்டார்ட். இரண்டு இடத்திலும் ஒரே பதிப்பு எண் தெரிந்த பிறகே நெட் கேபிள்.

பலன்: கோட் 43 போனது, மறுபடி வரவில்லை. ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் ஷீட் புரட்டும்போது வந்த நடுக்கமும் நின்றது. எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் திரை அதேபோல் போனது. இந்த இடத்தில் பாதி குணமானதைப் பார்த்து 'இன்னொரு பதிப்பு போட்டுப் பார்ப்போம்' என்று டிரைவர் பின்னாலேயே போகத் தோன்றும். போகக் கூடாது. சுத்தமாகப் போட்ட டிரைவர் மேல் அதே இடத்தில் அதே கோளாறு வந்தால், அதற்கு மேல் டிரைவரைச் சந்தேகிக்க ஆதாரம் வேண்டும்.

சூடா, பசியா

"மத்தியானம்தான் அதிகமாப் போகுது" என்றும் சொல்லியிருந்தார்கள். செட்டிநாட்டு வெயிலில் இது சூட்டைத்தான் முதலில் காட்டும். சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யுஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு எக்ஸ்போர்ட் போட்டபோது, அலமாரிக் கதவு மூடியிருந்தால் கார்டு 83 டிகிரி வரை போனது. இந்தக் கார்டுக்கு மேல்வரம்பு 88. கதவைத் திறந்து, ஹீட்சிங்க்கில் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியை புளோயரால் ஊதி எடுத்த பிறகு 74. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். விட்டால் வேகமாகச் சுழன்று பேரிங் கெடும். 74-இலும் திரை போனது. ஆகவே சூடு தனியாகக் காரணம் இல்லை. ஆனால் சூட்டோடு சேர்ந்து மோசமாகும் வேறொன்று உள்ளே இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்தோம். அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம். அறை 31 டிகிரி இருக்கும்போது 74 காட்டும் கார்டு, அறை 38 ஆனால் 81-ஐத் தொடும்.

ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்திப் பார்த்ததில் மாற்றம் இல்லை. ஓசிசிடி என்ற மென்பொருளின் வீடியோ மெமரி சோதனையில் பிழை இல்லை. கார்டைக் கழற்றி விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டியதிலும் மாற்றம் இல்லை. இந்த பிராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. அதனால் கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் ஹெச்டிஎம்ஐயில் ஓட்டிப் பார்க்கும் வழி இங்கே அடைபட்டிருந்தது.

செலவே இல்லாத ஒரு சோதனை இங்கே தீர்ப்புச் சொன்னது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்ற ஸ்லைடர் இருக்கிறது. கார்டு எடுக்கும் மின்சாரத்துக்கு அது மேல்வரம்பு போடும். 1660 சூப்பரின் முழு அளவு 125 வாட். கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் சோதனையை 100 சதவீதத்தில் ஓடவிட்டால் நாலாவது நிமிடத்தில் திரை போனது. 80 சதவீதத்தில், அதாவது 100 வாட்டில், பதினோரு நிமிடம் தாங்கியது. 65 சதவீதத்தில், சுமார் 81 வாட்டில், அரை மணி நேரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. அதே டிரைவர், அதே விண்டோஸ், அதே கார்டு. கொடுக்கும் மின்சாரத்தின் அளவைக் குறைத்தால் மட்டும் நிற்கிறது என்றால் கையை வைக்க வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் வயரும்தான். டிரைவர் மேல் விழுந்த பழி இந்தச் சோதனையில் நீங்கியது.

கார்டு மின்சாரத்தை இரண்டு வழியாக எடுக்கிறது. ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கொடுக்கலாம். மிச்சம் 8 பின் பிளக் வழியாக வர வேண்டும். நல்ல 8 பின் கேபிள் 150 வாட் வரை தரும். ஆகவே கணக்குப்படி அடாப்டர் மேல் பெரிய சுமை இல்லை. ஆனால் இங்கே அடாப்டரின் இரண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே வயர்ச் சங்கிலியில் அடுத்தடுத்து செருகியிருந்தன. இரண்டு பிளக் இருந்தாலும் பாதை ஒன்றுதான். அதே சங்கிலியில் ஹார்ட் டிஸ்க்கும் கேபினெட் ஃபேன்களும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஒரு காலி மோலெக்ஸின் கறுப்பு வயரில் பிடித்து, சிவப்பு முனையை மஞ்சள் வயர் பிளக்குக்குள் நுழையும் பின்பக்கமாகத் தொட்டு அளந்தோம். முனை வழுக்கிப் பக்கத்து பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும். கை நடுங்குமானால் செய்ய வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் எதையும் தொடவே கூடாது.

| அளந்த இடம் | சும்மா இருக்கும்போது | முழு சுமையில் |
|---|---|---|
| எஸ்எம்பிஎஸ் பக்கம், சங்கிலியின் தொடக்கம் | 12.02 வோல்ட் | 11.78 வோல்ட் |
| கார்டு பக்கம், 8 பின்னில் | 11.97 வோல்ட் | 11.02 வோல்ட் |

12 வோல்ட்டுக்கு 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி. அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் தன் வாசலில் சுமாராகத்தான் கொடுக்கிறது, ஆனாலும் வரம்புக்குள் கொடுக்கிறது. வழியில் 0.76 வோல்ட் காணாமல் போகிறது. சுமார் 7 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.76 வோல்ட் தொலைகிறது என்றால் ஐந்து வாட்டுக்கு மேல் அந்த வயரிலும் பிளக்கிலும் சூடாக எரிகிறது என்று பொருள். மீட்டர் காட்டுவது சராசரி மட்டும். கார்டு மில்லிசெகண்ட் கணக்கில் திடீர் திடீரென்று இழுக்கும்போது வோல்ட்டேஜ் இதைவிடக் கீழே குழிவிழும், அதை மீட்டர் பார்க்காது. அந்தக் குழியில்தான் கார்டு மயங்குகிறது.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவி எடுத்த பிறகு மோலெக்ஸைக் கழற்றினால் அது எளிதில் வரவில்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி மட்டும், தோசைக்கல்லில் விளிம்பு முறுகினாற்போல், பழுப்பு வளையம். உள்ளே பெண் பின்னின் இரண்டு இதழும் விரிந்து அகன்றிருந்தன. ஆண் பின் அதற்குள் ஆடியது. பின்னின் மேல் பளபளப்பு போய்க் கறுத்த படலம். இதழ் தளர்ந்தால் தொடும் பரப்பு குறையும், அங்கே சூடு ஏறும், சூட்டில் படலம் படியும், படலம் தடையைக் கூட்டும், இன்னும் சூடு ஏறும். மத்தியானக் கணக்கு இங்கேதான் நேராகிறது. மூடிய அலமாரிக்குள் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த பிளக், மதியத்துக்கு மேல் தாங்க முடியாமல் போயிருக்கிறது.

பின்னை நெருக்கிவிட்டு ஓட்டலாம் என்பது சிலர் கருத்து. சூடேறி இளகிய பித்தளை இதழ் மறுபடி இறுகிப் பிடிக்காது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 6 பின்னாக மாற்றும் அடாப்டர் இதைவிட ஆபத்தானது. சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பாதை 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்டுக்கு மட்டுமே செய்தது.

எஸ்எம்பிஎஸ் மாற்றம்

550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற செயல்திறன் சான்று, கார்டுக்கென்றே சொந்தமாக 6+2 பின் கேபிள் உள்ளது போதும் என்று முடிவானது. காரைக்குடியில் அந்த வாரம் கையிருப்பில் இல்லை, மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார்கள். அது வரும்வரை கார்டை 65 சதவீதத்திலேயே பூட்டி எக்ஸ்போர்ட் ஓடியது. நேரம் கொஞ்சம் கூடியது, வேலை நிற்கவில்லை. ஸ்டிக்கரில் உள்ள மொத்த வாட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் பாதைக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசசருக்கும் உண்மையில் கிடைப்பது.

மாட்டும்போது ஒரு தப்பு கார்டையே எரித்துவிடும். பிராசசருக்குப் போகும் 4+4 பின்னும் கார்டுக்குப் போகும் 6+2 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மஞ்சளும் கறுப்பும் இடம் மாறி இருக்கும். அழுத்திச் செருகினால் 12 வோல்ட் நேராகக் கறுப்பு வயரோடு ஷார்ட் ஆகும். கேபிளில் உள்ள எழுத்தைப் படித்து மாட்ட வேண்டும். இன்னொன்று, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அப்படியே விட்டுவிட்டு பெட்டியை மட்டும் மாற்றக் கூடாது. பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

மாற்றிய பிறகு முழு சுமையில் கார்டு பக்கம் 11.94 வோல்ட். பவர் லிமிட் 100-இல் ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடியது.

மிச்சம் இருந்த இரண்டு

ஹெச்டிஎம்ஐ மானிட்டர் மட்டும் இன்னும் ஒரு நொடி கண் மூடித் திறந்தது. லாக்கில் ஒன்றும் இல்லை. நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு தடவையும் வளவுப் பக்கம் (உள்முற்றம்) ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கிய நேரம், அல்லது யாரோ மோட்டார் போட்ட நேரம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும் என்று அங்கே வேலை பார்க்கும் பையன் அப்போதுதான் சொன்னான். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் வழியில், இரைச்சலை எர்த்துக்கு வடிக்கச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லை என்றால் வடிய இடமின்றி கேபினெட் உடம்பே லைன் வோல்ட்டேஜில் கிட்டத்தட்டப் பாதிக்கு மிதக்கும். மீட்டர் போர்டின் எர்த்திலிருந்து ஒரு நீள வயர் இழுத்து அளந்தபோது கேபினெட்டில் 94 வோல்ட் ஏசி. கரண்ட் மிகச் சிறிதுதான். ஆனாலும் அந்த உடம்பும் வேறு போர்டில் செருகிய மானிட்டரின் உடம்பும் ஹெச்டிஎம்ஐ கேபிளின் உறையால் இணைந்திருக்கின்றன. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் அதிர்ச்சி அந்த உறை வழியாக ஓடி சிக்னலைக் கலைக்கிறது. ஓடும்போதே ஹெச்டிஎம்ஐயைக் கழற்றி மாட்டினால் போர்ட்டே போகும் வாய்ப்பும் உண்டு.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் பச்சை வயரை அறைக்கு இழுத்து மூன்று பின் சாக்கெட் போட்டார். முற்றத்துத் தூணிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் கை வைக்காமல், பழைய மரப்பட்டை ஓரமாகவே வயர் போனது. கம்ப்யூட்டரும் இரண்டு மானிட்டரும் ஒரே சாக்கெட்டுக்கு வந்தன. 5 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதில் 1.5 மீட்டர். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.8 வோல்ட், கேபினெட்டில் சுருக் இல்லை, மானிட்டர் கண் மூடுவதும் நின்றது. இந்தப் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து இறுகும்போது எர்த் குழியின் தடை ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது.

தனியாக எடுத்துவைத்த அந்த நாலு பதிவுகள், பக் செக் 0, கரண்ட் போன நேரங்களோடு ஒத்துப்போயின. கம்ப்யூட்டரும் மானிட்டர்களும் ஓடிய யுபிஎஸ் 600 விஏ, தருவது 360 வாட். எக்ஸ்போர்ட் நேரத்தில் கார்டு 125, பிராசசர் 88 வரை, மற்றவை 40. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 316 வாட். இரண்டு மானிட்டருக்கு 50 வைத்தால் 366. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. போன நொடியில் யுபிஎஸ் சுமை தாங்காமல் விழும். இரண்டாவது மானிட்டரை யுபிஎஸ்ஸிலிருந்து வெளியே எடுத்து, அடுத்து வாங்கும்போது 1000 விஏ என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

சிபியு பெட்டி அலமாரியை விட்டு வெளியே வந்து, தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், பின்பக்கம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கிறது. டிடிஆர் டிலே இயல்பு நிலையிலேயே இருக்கிறது, கூட்டவில்லை. அடுத்த இரண்டு வாரம் தினம் மாலை ஈவென்ட் வியூவரில் 4101-ஐ வடிகட்டிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. மூன்று கல்யாணமும் மணிவிழாவும் முழு பவரில், மத்தியானத்திலும் எக்ஸ்போர்ட் ஆயின.

கழற்றிய அடாப்டரை நடுவில் வெட்டித்தான் குப்பையில் போட்டோம். முழுதாக விட்டால் இன்னொரு கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.